எரிமலைச் சிட்டைப் பார்க்கக் கோஸ்டா ரிக்கா போகிறவர்களுக்கு: விசா முதல் சாலையோரப் பூ வரை

எடை இரண்டரை கிராம், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் குறைவு. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் ஏழரை சென்டிமீட்டர். மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிக்காவிலும் அதை ஒட்டிய மேற்குப் பனாமாவிலும் மட்டும், அதுவும் ஏறத்தாழ 1,850 மீட்டருக்கு மேலே மலைக்காட்டின் ஓரங்களிலும் சிகரத்துப் புதர்வெளிகளிலும் வாழும் பறவை இது. ஆங்கிலத்தில் வால்கேனோ ஹம்மிங்பேர்ட், அறிவியல் பெயர் செலாஸ்ஃபோரஸ் ஃப்ளாமுலா. அந்த ஊரில் இதைச் சிஸ்பித்தா வொல்கானேரா என்கிறார்கள். சிஸ்பித்தா என்றால் சின்னத் தீப்பொறி. இந்தக் கட்டுரையில் எரிமலைச் சிட்டு என்றே எழுதுகிறேன்.

நம் வீட்டுச் செம்பருத்தியில் தேன் குடிக்கும் தேன்சிட்டு வேறு குடும்பம். எரிமலைச் சிட்டு சேர்ந்த ரீங்காரச் சிட்டுகள், அதாவது ஹம்மிங்பேர்டுகள், அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் போய்த்தான் ஆக வேண்டும்.

நான் சென்னையிலிருந்து போய் வந்தேன். தாள்களைச் சேர்ப்பதற்கே ஐந்து மாதம் ஆனது. அத்தனை பாடுபட்டுப் போயும் முதல் இரண்டு காலைகளைத் தவறான இடத்தில் நின்று இழந்தேன். தமிழில் இதுபற்றி யாராவது எழுதி வைத்திருந்தால் அந்த இரண்டு காலைகளும் எனக்கு மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். விடுதிகளில் தொங்கும் சர்க்கரைத் தண்ணீர் ஃபீடரை நம்பி இந்தப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். எரிமலைச் சிட்டு தேடுவது சின்னச் சின்னப் பூக்களை. எங்கே தங்குவது, எத்தனை இரவு, வண்டி வேண்டுமா என்பதெல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும்.

1. முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், மே முதல் நவம்பர் வரை மழை. எரிமலைச் சிட்டின் இனப்பெருக்கக் காலம் ஏறத்தாழ ஆகஸ்டில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்கிறது. ஆண் பறவை தன் எல்லையைக் காத்துக்கொண்டு குச்சி நுனியில் உட்கார்ந்திருப்பதும், உயரே ஏறிச் சரேலென்று கீழே பாய்ந்து காட்டுவதும் அந்த மாதங்களில்தான். மழையும் இல்லாமல் ஆணும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டுமென்றால் ஜனவரி. பிப்ரவரி பாதி வரையிலும் பரவாயில்லை.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் உள்ளூர்க்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள், அறை கிடைக்காது. பிப்ரவரி கடைசியிலிருந்து கெட்சால் பறவை கூடு கட்டும் காலம். நீங்கள் தங்கப்போகும் சான் ஹெரார்டோ தே தோத்தா பள்ளத்தாக்கு அந்தப் பறவைக்குத்தான் உலகப் புகழ் பெற்றது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள், விலையும் ஏறும்.

2. விசா: இரண்டு வழி

இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கோஸ்டா ரிக்கா விசா வேண்டும். அவர்களுடைய குடிவரவுத் துறைப் பட்டியலில் நாம் மூன்றாம் குழு.

முதல் வழி, விலக்கு. பாஸ்போர்ட்டில் பலமுறை நுழைவு அனுமதியுள்ள அமெரிக்க விசா ஒட்டப்பட்டு, அது இன்னும் செல்லுபடியானால் தனி விசா இல்லாமல் நுழையலாம். வேறு சில நாட்டு விசாக்களுக்கும் இந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் எந்த வகை விசா, எத்தனை நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்ற விவரம் அவ்வப்போது மாறுகிறது. டிக்கெட் போடுவதற்கு முன்பு குடிவரவுத் துறையின் தளத்தில் மூன்றாம் குழுவுக்கான விதியைப் படியுங்கள், தூதரகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவில் வேலை செய்கிறவர்கள் கவனியுங்கள்: உங்கள் கையிலுள்ள ஒப்புதல் தாள் இதற்கு உதவாது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா செல்லுபடியாக இருக்க வேண்டும்.

தூதரகத்தின் பதில் மின்னஞ்சலை அச்செடுத்து வையுங்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்னையில் போர்டிங் பாஸ் வாங்கும் கவுண்டரில் என்னை நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். "கோஸ்டா ரிக்கா விசா எங்கே சார்?" என்று கேட்டார் அங்கிருந்த பெண். விலக்கு இருக்கிறது என்றேன். அவருடைய திரையில் அது தெளிவாக வரவில்லை. மேலதிகாரி வந்தார், போன் பேசினார்கள். கடைசியில் அந்த ஒரு தாளைப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். போனில் இருக்கிறது, காட்டுகிறேன் என்று தேடிக்கொண்டிருந்தால் விமானம் போயிருக்கும்.

இரண்டாவது வழி, தூதரக விசா. விண்ணப்பம் புது தில்லியிலுள்ள கோஸ்டா ரிக்கத் தூதரகத்துக்குப் போக வேண்டும். இதில் நாளைத் தின்பது காவல்துறை நற்சான்றிதழ்தான். உள்ளூர்க் காவல் நிலையத்திலோ கமிஷனர் அலுவலகத்திலோ வாங்காமல் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்குங்கள், கட்டணம் 500 ரூபாய். அதற்கு நேராக வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்துக்கு வைக்கும் முத்திரை கிடைக்கும், மாநில அரசின் சான்றொப்பம் தனியாகத் தேவைப்படாது. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய்தான். இடையிலிருக்கும் ஏஜென்சி வாங்கும் சேவைக் கட்டணம் தனி, கொடுப்பதற்கு முன்பு நாலு இடத்தில் விசாரியுங்கள்.

வரிசை முக்கியம்: சான்றிதழ், பிறகு அப்போஸ்டில், அதற்குப் பிறகுதான் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை முதலில் முடித்துவிட்டால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், திரும்பவும் காசு கொடுக்க வேண்டிவரும். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியிலேயே நீங்கள் இப்போதும் இருந்தால் சான்றிதழ் சில நாளில் வந்துவிடும். வீடு மாறியிருந்தால் போலீஸ் விசாரணை என்று வாரக்கணக்கில் இழுக்கும். மொத்தத்துக்கும் மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

எந்த வழியில் போனாலும் கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்குமேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும் வங்கி அறிக்கை. பணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு மாதத்துக்கு 100 டாலர்தான், அதனால் இது பெரிய தடையில்லை. திரும்பும் டிக்கெட்டைத்தான் தவறாமல் கேட்கிறார்கள். உள்ளே நுழையும்போது முத்திரையில் எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள் என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள்.

3. விமானப் பாதையும் மஞ்சள் காய்ச்சல் அட்டையும்

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழியாக, அதாவது மாட்ரிட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் மாதிரி ஊர்களில் மாறிப் போகலாம். சில ஷெங்கன் நாடுகள் விமானம் மாறுகிற இந்தியர்களிடமும் டிரான்ஸிட் விசா கேட்கும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு.

மலிவாக வரும் டிக்கெட்டுகளில் சில பனாமா, பொகோட்டா, சாவோ பாவ்லோ, அடிஸ் அபாபா என்று சுற்றும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கொலம்பியா, பிரேசில், பெரு மாதிரி நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் கோஸ்டா ரிக்கா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்கிறது. அது போகும்போது. திரும்பும்போது இந்தியாவும் கேட்கும். கோஸ்டா ரிக்கா நம் பட்டியலில் இல்லை, ஆனால் பனாமாவும் எத்தியோப்பியாவும் இருக்கின்றன. விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு உண்டு என்று விதியில் இருந்தாலும், அதைச் சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆறு நாள் வரை தனிமை முகாம்.

அதனால் பாதையில் சந்தேகம் இருந்தால் ஊசியைப் போட்டுக்கொள்வதே நிம்மதி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நான் கட்டியது 300 ரூபாய். எல்லா நாளும் போட மாட்டார்கள், முன்பதிவு செய்து அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் போதும். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

4. எங்கே, எத்தனை இரவு

விமானம் இறங்குவது சான் ஹொசே. முதல் இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். இந்திய நேரத்துக்கும் அங்கத்திய நேரத்துக்கும் பதினொன்றரை மணி வித்தியாசம். உடம்பு இரவையும் பகலையும் மாற்றிக்கொள்ள ஒரு நாள் கேட்கும்.

அடுத்து சான் ஹெரார்டோ தே தோத்தா. தலமாங்கா மலைத்தொடரில் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு, உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர். சுற்றிலும் ஓக் மரக்காடு, கிளையெல்லாம் பாசி. இங்கே குறைந்தது மூன்று இரவு வேண்டும். ஒரு இரவு தங்கிக் கெட்சாலைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் திட்டம் உங்களுக்குச் சரிவராது. மேலே மூடுபனி விழுந்தால் ஒரு காலை முழுவதும் போய்விடும். மூன்று காலை இருந்தால் ஒன்றாவது தெளியும்.

இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறினால் செர்ரோ தே லா மூவெர்த்தே, 3,491 மீட்டர். மரங்கள் முடிந்து, இடுப்பளவுப் புதரும் குட்டை மூங்கிலுமாக இருக்கும் இடம். எரிமலைச் சிட்டுக்கு இதுதான் சொந்த ஊர்.

அறை பதிவு செய்யும்போது இவற்றைக் கேளுங்கள்: அறையில் சூடாக்கி உண்டா, விடியற்காலையில் கிளம்பினால் சாப்பாடு கட்டித் தருவார்களா, வாசல்வரை சாதாரண கார் இறங்குமா, சொன்ன விலையில் 13 சதவீத வரி அடக்கமா. கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. மூன்று இரவுக்கான வரி பில்லில் தனியாக வந்து நின்றது.

5. போக்குவரத்து

பஸ்ஸில் போகலாம். சான் ஹொசேயிலிருந்து சான் இசித்ரோ போகும் பஸ், பான் அமெரிக்க நெடுஞ்சாலையில் எண்பதாவது கிலோமீட்டர் கல் அருகே இறக்கிவிடும். அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் ஒன்பது கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம். விடுதியில் முன்கூட்டியே சொன்னால் வண்டி அனுப்புவார்கள், அதற்குத் தனிக் காசு. செலவு குறைவுதான். ஆனால் மறுநாள் காலை ஐந்தரைக்கு மேலே ஏற வண்டி இருக்காது. உங்களுக்கு வேண்டியதோ அந்த நேரம்தான்.

ஆகவே ஒன்று வாடகைக் கார், இல்லாவிட்டால் சொந்த வண்டி வைத்திருக்கும் உள்ளூர் வழிகாட்டி. நான் காரெடுத்தேன். இணையத்தில் பார்த்த நாள் வாடகைக்கும் கவுண்டரில் சொன்ன தொகைக்கும் சம்பந்தமே இல்லை. ஏனென்றால் அந்த நாட்டுச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், இணைய விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. என் விஷயத்தில் மொத்தம் இரண்டு மடங்கைத் தாண்டியது. அதோடு கிரெடிட் கார்டில் பெரிய தொகையை முன்பணமாக முடக்கி வைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். "கட்டாயக் காப்பீடு, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எவ்வளவு முடக்குவீர்கள்" என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பதிவு செய்யுங்கள். நம் ஓட்டுநர் உரிமம் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டினால் செல்லும், இருந்தாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் நினைவில் வையுங்கள்.

நெடுஞ்சாலையின் அந்த மலைப்பகுதியை இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும், முன்னால் போகும் லாரியின் விளக்கு பத்தடி தூரத்தில்தான் தெரியும். காலையில் சான் ஹொசேயை விட்டுக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுங்கள். அப்புறம் விலாசம் ஒரு சிக்கல். "தேவாலயத்திலிருந்து வடக்கே 200 மீட்டர்" என்கிற மாதிரித்தான் அங்கே முகவரி சொல்வார்கள். விடுதியிடம் வரைபடப் புள்ளியை முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் தப்பித்தீர்கள்.

6. பணமும் சாப்பாடும்

நாணயம் கொலோன். ஒரு டாலர் ஐந்நூறு கொலோனை ஒட்டி ஏறி இறங்கும். விடுதிகளில் டாலர் வாங்குவார்கள், ஆனால் சாலையோரக் கடையிலும் பஸ்ஸிலும் சில்லறைக் கொலோன் வேண்டும். உணவகப் பில்லில் 13 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். காலையில் காயோ பின்தோ, அதாவது கறுப்பு பீன்ஸ் போட்டுக் கிளறிய சோறு. மதியம் சோறு, பீன்ஸ், வாழைப்பழ வறுவல், முட்டைக்கோஸ். "சின் கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள், ஆனால் பலருக்குக் கோழியும் மீனும் அந்தச் சொல்லில் அடங்காது. "நி போய்யோ, நி பெஸ்காதோ" என்று கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம் எனச் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளித்தார்களா என்பதையும் விசாரிப்பது நல்லது.

7. மூட்டையில் என்ன

கோஸ்டா ரிக்கா என்றால் கடற்கரை என்று நினைத்து அரைக்கால் சட்டையோடு வருகிறவர்களை அங்கே பார்த்தேன். மலைமேல் விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி வரும், காற்றும் அடிக்கும். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுத் தடுக்கும் மேலாடை, மழைக்கோட்டு எல்லாம் வேண்டும். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறும், ஆகவே வெயிலுக்கான கிரீமும் வேண்டும்.

பைனாகுலர் 8 மடங்கு போதும். அதைவிட முக்கியம், அது இரண்டு மீட்டர் தூரத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும். எரிமலைச் சிட்டு அவ்வளவு பக்கத்தில் வரும், வந்த பிறகு பின்னால் நகர்ந்து நின்று பார்க்க நேரம் இருக்காது. மின்சாரம் 120 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். நம் சார்ஜருக்கு மாற்று பிளக்கை இங்கேயே வாங்கிவிடுங்கள். குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியை உள் பாக்கெட்டில் வையுங்கள்.

8. அந்தக் காலை: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

இப்போது பறவைக்கு வருவோம்.

என் முதல் இரண்டு காலைகளையும் விடுதித் தோட்டத்து ஃபீடரின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கழித்தேன். வந்ததெல்லாம் பெரிய பறவைகள். தலமாங்கா ரீங்காரச் சிட்டு இதைப்போல மூன்று நான்கு மடங்கு எடை. எரிகழுத்துச் சிட்டு எடையில் இரண்டு மடங்கு, சண்டைக்காரன், ஒரு ஃபீடரைப் பிடித்துக்கொண்டால் வேறு யாரையும் அண்ட விடாது. அவை அழகுதான், மறுக்கவில்லை. எரிமலைச் சிட்டு ஃபீடருக்கு வரவே வராது என்றும் சொல்ல முடியாது. ஓரமாக வந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு விரட்டப்பட்டு ஓடும், உங்கள் கண்ணில் படுவது ஒரு நொடி.

மூன்றாம் நாள் வழிகாட்டி ஒருவரோடு போனேன். வண்டியை நெடுஞ்சாலைக்கு மேலே, கோபுரங்கள் நிற்கும் சிகரத்துக்குப் போகும் மண் சாலையில் ஏற்றி நிறுத்தினார். மணி ஆறரை. "பறவையைத் தேடாதீர்கள், பூவைத் தேடுங்கள்" என்றார். தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் காட்டு பிளாக்பெரிப் புதர் ஒன்று பூத்திருந்தது. அதற்கு எதிரே பத்தடி தள்ளி நின்றோம். ஏழு மணிக்குள் கிச்சென்று மெல்லிய ஒரு ஒலி. புதரின் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த குச்சியின் நுனியில், குச்சியின் முடிச்சு மாதிரி, அது உட்கார்ந்திருந்தது.

முதலில் கழுத்து சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. இதற்கா இவ்வளவு தூரம் என்று ஒரு கணம் தோன்றியது. அது தலையை எங்கள் பக்கம் திருப்பியது, வெயில் பட்டது. அந்தச் சாம்பல் நாவல் பழத் தோலின் நிறத்துக்கு மாறி, ஓரத்தில் பச்சை ஓடி, திரும்பவும் அணைந்தது. இறகில் நிறப்பொருள் செய்யும் வேலை இல்லை இது. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும் கோணம் செய்வது. அதனால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் நாள் முழுவதும் நின்றாலும் சாம்பல்தான்.

பார்க்க வேண்டிய பூக்கள்: பிளாக்பெரி, ஃபியூஷா, சால்வியா, காஸ்டில்லெயா. பெரிய பறவைகளுக்கு இந்தச் சிறு பூக்களில் கிடைக்கும் தேன் கட்டுப்படியாகாது, ஆகவே அங்கே போட்டி குறைவு. நீளமான குழல் பூவில் எரிமலைச் சிட்டின் குட்டை அலகு தேன்வரை எட்டாது. அதற்கும் வழி இருக்கிறது. பூத்துளைப்பான் என்ற சின்னச் சாம்பல் பறவை கொக்கி அலகால் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேன் குடிக்கும். வண்டுத்தேனீக்களும் அப்படிச் செய்யும். அவை விட்டுப்போன ஓட்டையில் எரிமலைச் சிட்டு அலகை நுழைக்கும். பூவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதைத் தவறவிடுவீர்கள், காம்புப் பக்கம் பாருங்கள். ஒரு பெண் சிட்டு அப்படி ஐந்தாறு பூக்களை வரிசையாக அடிப்பக்கமாகவே தொட்டுப் போனதை நான் கை நீட்டும் தூரத்தில் பார்த்தேன். சிறகுக் காற்றில் பூ ஆடியது தெரிந்தது.

பெண்ணின் கழுத்தில் நிறம் இல்லை. வெள்ளையில் மங்கலான புள்ளிகள். கூடு கட்டுவது, இரண்டு முட்டையை அடைகாப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். பஞ்சு மாதிரியான செடி இழையையும் சிலந்தி வலையையும் பின்னி, வெளியே பாசி ஒட்டிய சின்னக் கிண்ணம். கூடு கண்ணில் பட்டால் உடனே விலகுங்கள். படத்துக்காக மறைத்திருக்கும் கிளையை ஒதுக்காதீர்கள், அந்தக் கிளைதான் குளிர் காற்றிலிருந்து முட்டைக்குக் காப்பு. அவள் அரை மணி வெளியே நின்றாலே அந்த உயரத்தில் முட்டை சில்லிட்டுவிடும்.

ஒரு குழப்பம் வரும். பள்ளத்தாக்குக்குள் இதன் நெருங்கிய உறவான ஸின்டிலன்ட் ரீங்காரச் சிட்டும் உண்டு. அது இன்னும் சிறியது, ஆறரை சென்டிமீட்டர். ஆணின் கழுத்து நெருப்பு மாதிரி ஆரஞ்சுச் சிவப்பு, வாலில் செம்பழுப்பு அதிகம். பெண்களைப் பிரிப்பது கடினம், படம் எடுத்து வால் இறகுகளைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அதன் இடம் பெரும்பாலும் 900 முதல் 2,100 மீட்டர் வரை, சில சமயம் இந்தப் பள்ளத்தாக்கின் உயரத்துக்கும் ஏறும். நீங்கள் மூவெர்த்தே சிகரப் பகுதிக்கே ஏறிவிட்டால் இந்தச் சந்தேகம் எழாது.

பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எல்லை காக்கும் ஆண் அதைப் போட்டியாளன் என்று நினைத்து விரட்ட வரும். சில நிமிடத்துக்கு ஒருமுறை தேன் குடித்தாக வேண்டிய உடம்பு அது. குளிர் இரவுகளில் ரீங்காரச் சிட்டுகள் உடல் வெப்பத்தை இறக்கி மரத்துப்போன மாதிரி கிடந்துதான் பிழைக்கின்றன. அந்த இரண்டரை கிராமில் வீணாக்க எதுவும் இல்லை.

வழிகாட்டியை விடுதி மூலமாகவே பிடிக்கலாம். அரை நாளா முழு நாளா, கட்டணம் ஆளுக்கா குழுவுக்கா, வண்டி யாருடையது என்று முதலிலேயே பேசுங்கள். பெரும்பாலும் கெட்சாலுக்கென்றே கூட்டிப்போவார்கள். "எங்களுக்குச் சிஸ்பித்தா வேண்டும், மேலே போக வேண்டும்" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கடல் மட்டத்திலிருந்து வருகிற நமக்கு 3,400 மீட்டரில் தலைவலியும் மூச்சுவாங்கலும் வரும். பள்ளத்தாக்கில் ஒரு இரவு தூங்கிய பிறகு ஏறுங்கள். மேலே மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் காத்திருக்காமல் வண்டியில் கீழே இறங்குங்கள்.

9. நேரம் இருந்தால்: எரிமலைகள்

இந்தப் பறவையின் கழுத்து நிறம் மலைக்கு மலை மாறும். தலமாங்காவில் மங்கிய ஊதா, பச்சை கலந்தது. இராசு, துரியால்பா எரிமலைகளில் இளஊதா. போவாஸ், பார்வா பக்கம் ரோஜாச் சிவப்பு. ஒரே இனம்தான், மூன்று உள்ளினங்கள்.

இராசு (3,432 மீட்டர்) போவது எளிது. கார்த்தாகோ ஊரில் ஒரு இரவு தங்கினால் காலையில் உச்சிவரை தார்ச்சாலை. நுழைவுச்சீட்டை வாசலில் தர மாட்டார்கள், தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் நாளும் நேரமும் குறித்து முன்பே வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு 15 டாலரும் வரியும். சீட்டில் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். கதவு திறப்பதே எட்டு மணிக்கு, மேகமோ பத்து மணிக்கே ஏறிவிடும், ஆகவே முதல் நேரத்தையே எடுங்கள். எரிமலை வாயைப் பார்க்கக் கூட்டம் ஓடும்போது நீங்கள் வண்டி நிறுத்துமிடத்து ஓரப் புதர்களில் நில்லுங்கள். பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

போவாஸ் சீற்றத்தால் அவ்வப்போது மூடப்படும். அதை நம்பித் திட்டத்தைப் போடாமல், நாள் நெருங்கும்போது திறந்திருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. கிளம்பும் நாள்

நாட்டை விட்டு வெளியேறும் வரி 29 டாலர். இப்போது பெரும்பாலும் டிக்கெட் விலையிலேயே அடக்கம், இருந்தாலும் டிக்கெட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். வாடகைக் காரைத் திருப்பித் தரும்போது நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். முடக்கிய முன்பணம் எனக்குத் திரும்ப மூன்று வாரம் ஆனது, அதுவரை அந்தக் கார்டை நம்பி வேறு செலவு வைக்க வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள், சென்னையில் குடிவரவுக்கு முன்பே சுகாதார மேசை வந்துவிடும். விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்த பறவைகளை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். எரிமலைச் சிட்டுக்கு எந்த மலை, எத்தனை மீட்டர், ஆணா பெண்ணா, எந்தப் பூவில் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தபோது எனக்கு இரண்டாவது பெண் பறவை இருந்த பூ எது என்று நினைவுக்கு வரவில்லை.